தியேட்டர் கதவடியில் நான் சொன்ன பதில்

தேத்தண்ணிக்குச் சீனி காணாவிட்டால் சொல்லுங்கள், டொக்டர். உங்களுக்கு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் குறைத்துத்தான் போட்டேன். கதிரையைக் காற்றாடிக்குக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள், கிண்ணியா வெக்கை இந்த மாதம் பொல்லாதது. நான் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து பேசுவதைக் குறையாக எடுக்க வேண்டாம். புருஷன் மவுத்தானால் எங்கள் பெண்கள் இத்தா இருப்பார்கள். நாலு மாதமும் பத்து நாளும், அது முடியும்வரை வீட்டை விட்டுப் போவதில்லை, வெளி ஆண்களின் முன்னால் வருவதில்லை. நீங்கள் உப்புவெளி வேதக்கார வீட்டுப் பிள்ளை என்றாலும் எங்கள் ஆக்களோடு பழகியவர்தானே, இதெல்லாம் தெரிந்திருக்கும்.

கேற்றடியில் ஓட்டோ கழுவிக்கொண்டிருப்பவன் என் தம்பி லாபிர். அவன் கண்ணுக்கு நீங்கள் எட்டுவீர்கள், காதுக்கு நான் எட்டமாட்டேன். மகள் பஸ்னா பிள்ளைக்கு ஊசி போடக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். நீங்கள் வரப்போவதாக லாபிர் சொன்னதும் நான்தான் அவளை நேரத்தோடு அனுப்பிவைத்தேன். ஆகவே ஆறுதலாகப் பேசலாம்.

நீங்கள் வந்து இருந்ததும் இருக்காததுமாகச் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "அம்மா, என்ர கையாலதான் உங்கட மனிசன் போனவர். மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்லை" என்றீர்கள். அன்றிலிருந்து ஒப்பரேசன் தியேட்டருக்குள் கால் வைக்கவில்லை என்றீர்கள். லாபிர் கொடுத்த முறைப்பாட்டுக்குத் திங்கட்கிழமை விசாரணை, நான் போட்ட தையல்தான் விட்டுவிட்டது என்று அங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்றும் சொன்னீர்கள். ஒப்புக்கொண்டால் உங்கள் தொழில் அதோடு சரி என்பது நீங்கள் சொல்லாமலே எனக்கு விளங்கியது. உங்கள் குரல் உடைந்தபோது நான் இங்கே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். உங்கள் கை பிழைக்கவில்லை, டொக்டர். அதை உங்களிடம் சொல்லாமல் நான் இனித் தொழவும் ஏலாது, உறங்கவும் ஏலாது.

முதலில் இருந்து சொல்கிறேன். உங்கள் நோயாளி ஆதம்பாவா, பஸ்னாவின் வாப்பா, படகு எஞ்சின் திருத்துகிறவர். கிண்ணியாத் துறையில் அவர் கை படாத எஞ்சின் குறைவு. பள்ளி நிர்வாகத்திலும் இருந்தார், நாலு பேர் மதித்த மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன் சலம் போவதில் கரைச்சல், மூத்திரம் கட்டுகிறது என்று கொழும்புக்குப் போய்ப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்தது. சென்னைக்குக் கொண்டுபோனோம். அங்கே வயிற்றில் சின்னச் சின்னத் துவாரம் போட்டு, கமராவை விட்டு, புரொஸ்டேட்டை முழுதாக எடுத்துவிட்டார்கள். இனிப் பயமில்லை என்றும் சொன்னார்கள். அந்த வகையில் அவர் கொடுத்துவைத்தவர்.

ஆம், டொக்டர், புரொஸ்டேட். நீங்கள் இப்போது கதிரையை விட்டு எழும்பிய சத்தம் கேட்கிறது. இருங்கள். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறேன்.

ஊருக்கு நாங்கள் சொன்னது பித்தப்பைக் கல். அப்போது பஸ்னாவுக்கு மூதூரில் சம்பந்தம் பேசி முடிகிற கட்டம். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கமாகவே போய்விடுவார்கள். அதுவும் அந்த இடத்து நோய். அதை வெட்டி எடுத்தால் ஆண் ஆணாக இருக்கமாட்டான் என்று ஊரில் பேசுவார்கள். திரும்பி வரும்போது விமானத்தில் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார், உயிர் போனாலும் ஒரு குருவிக்கும் சொல்லக்கூடாது என்று. நான் லாபிருக்குக்கூடச் சொல்லவில்லை. பஸ்னாவுக்கும் தெரியாது. விருந்துகளில் இவர், பித்தப்பை இல்லாத ஆள் என்று சொல்லிக் கொழுப்பு இறைச்சியை ஒதுக்கி வைப்பார். பார்த்துப் பார்த்து எனக்கே சில நேரம் அது மெய்தான் என்று தோன்றும்.

மகளின் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது, பிள்ளையும் பிறந்தது. பிறகுதான் ஒருநாள் எஞ்சினைத் தூக்கித் தோளில் வைத்தபோது இவருக்குத் தொடை இடுக்கில் வீக்கம் வந்தது. உங்களிடம் கொண்டுவந்தேன். இருமச் சொல்லிப் பார்த்துவிட்டுக் குடலிறக்கம் என்றீர்கள், கமரா வைத்துச் செய்தால் அடுத்த நாளே நடக்கலாம் என்றீர்கள். எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது, அவ்வளவு மரியாதையாகப் பேசினீர்கள்.

எங்கள் ஆண்கள் டொக்டருக்கு முன்னால் வாய் திறக்கிறதில்லை. நோய்வருத்தம் அவர்களுக்கு, பதில் பெண்சாதிக்கு. முன்பு ஏதும் ஒப்பரேசன் செய்ததா என்று நீங்கள் அவரைக் கேட்டீர்கள், அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் பித்தப்பைக் கல் என்றேன். நீங்கள் தழும்புகளைத் தடவிப் பார்த்தீர்கள். பித்தப்பைக்கு இவ்வளவு கீழே போடமாட்டார்களே என்று முணுமுணுத்தீர்கள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"ஐயா, புரொஸ்டேட் எடுத்த ஆம்பிளையளுக்கு இந்தக் குடலிறக்கம் கூடுதலா வாறது. அப்பிடி ஏதும் செய்திருந்தா மறைக்க வேண்டாம். உள்ளுக்க சலப்பை சுவரோட ஒட்டிப்போய்க் கிடக்கும், கமராவால பிரிக்கப் போனாக் கிழிஞ்சிடும். அப்பிடியெண்டா நான் முன்னால வெட்டித்தான் தைப்பன். அதுவும் நல்ல முறைதான்."

அவர் நிலத்தைப் பார்த்தார். நான், "இல்ல டொக்டர், வேற ஒண்டுமில்ல" என்றேன்.

உங்கள் பக்கத்தில் நேர்ஸ் சுஹைரா நின்றாள். எங்கள் மருமகன் றிப்திக்குச் சொந்தக்காரி. அவள் காதில் விழுந்தால் மூதூரில் போய் விழ எவ்வளவு நேரம்? சம்பந்தி வீட்டார் எங்களை ஏமாற்றுக்காரர் என்பார்கள், பஸ்னா அந்தப் பேச்சைக் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், என் நிலையில் எந்தத் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பாள். இவ்வளவையும் நான் எனக்குள்ளே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒப்பரேசன் அன்று சுஹைரா வேலைக்கு வரவில்லை.

தியேட்டர் கதவடியில் நான் தனியாக வாங்குப் பலகையில் இருந்தேன். லாபிர் கீழே பார்மசிக்குப் போயிருந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு நீங்களே வந்தீர்கள். பச்சை உடுப்பு, முகமூடி, கண் மட்டும்தான் தெரிந்தது. கையை எதிலும் படாமல் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"அம்மா, உள்ளுக்க எல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்கு. எனக்குச் சந்தேகமா இருக்கு. இப்ப சொன்னாலும் ஒண்டும் கெட்டுப்போகாது, கமராவை எடுத்திட்டு முன்னால தைச்சு விடுவன். என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியவராது. அடிவயித்தில முந்தி ஏதும் செய்ததோ?"

"இல்ல மகன். பித்தப்பை மட்டும்தான்" என்றேன்.

நீங்கள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனீர்கள். அந்தக் கதவு இரண்டு தரம் ஆடி நின்றது.

ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். சத்தியம் என்று சொல்லலாம், மானம் என்று சொல்லலாம். இந்தத் திரைக்குப் பின்னால் இருந்து பொய் சொல்வானேன், அது இல்லை. சென்னையிலிருந்து வந்த பிறகு அவர் என் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை, வயது போய்விட்டதுதானே. அவருக்குத்தான் அது மனதில் புழுத்தது. ஆம்பிளைத்தனம் போய்விட்டது, இனி இவள் வேறு எங்கேயும் பார்ப்பாள் என்று நினைக்கத் தொடங்கிவிட்டார். பட்டறையை அரைநாளில் பூட்டிவிட்டு வந்து கேற்றடியில் கதிரை போட்டு இருப்பார். மீன்காரன் என்ன கதைத்தான் என்று என்னைக் கேட்பார், நான் சொன்னதைப் போய் மீன்காரனிடம் சரிபார்ப்பார். என் தங்கை சனூஸாவின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் அவளுக்குப் போன் எடுத்து, நான் எத்தனை மணிக்கு அங்கிருந்து வெளிக்கிட்டேன் என்று விசாரிப்பார். மகளின் கல்யாண வீட்டில் யாரோ சொன்ன பகிடிக்குச் சிரித்தேன் என்று, வந்த பெண்கள் எல்லோரும் பார்க்க என்னை அறைக்குள் போகச் சொன்னார். மகளின் கல்யாணச் சாப்பாட்டை நான் அறைக்குள் தனியாகச் சாப்பிட்டேன், டொக்டர். அன்று எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு பிறகு குறையவேயில்லை.

இரண்டு வருஷம் நான் வாய் திறந்து சொன்ன எந்தச் சொல்லும் சோதிக்கப்படாமல் போனதில்லை. அன்று கதவடியில் ஒரு சொல் சொன்னேன், படித்த மனிதர் ஒருவர் அதை அப்படியே நம்பித் திரும்பிப் போனார். அது எனக்கு நன்றாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே அவர் படுத்திருக்கிறார், வெளியே நான் இருக்கிறேன், அவருக்கு என்ன நடக்கும் என்பது என் வாயில் இருக்கிறது. சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் கஷ்டப்படட்டும் என்று நினைத்தேன்.

சலப்பை கிழிந்தது. நீங்கள் அதைக் கண்டு, தைத்து, எல்லாம் முடிந்து வந்து என்னிடம் மறைக்காமல் சொன்னீர்கள். சலக்குழாய் பத்து நாளைக்கு இருக்க வேண்டும், தையல் ஆறும்வரை சலப்பை நிரம்பவே கூடாது, பையில் சலம் வராவிட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று உங்கள் சொந்த நம்பரையும் தந்தீர்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது ஓட்டோவரை வந்தீர்கள். உங்களில் என்ன பிழை?

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மா முடிந்ததும் பள்ளி நிர்வாகத்து ஆண்கள் நோய் விசாரிக்க வருவார்கள், மூதூரில் இருந்து சம்பந்தியும் வருகிறார் என்று செய்தி. இவர் காலையிலிருந்தே கட்டிலில் தொங்கிய அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டு" என்றார்.

"டொக்டர் கழட்ட ஏலா எண்டாரே" என்றேன்.

"குடலிறக்கத்துக்கு எதுக்குச் சலக்குழாய் எண்டு கேப்பானுகள். ஒரு கேள்வி வந்தா மத்தது வரும். மானம் போயிடும். கழட்டு."

எனக்குக் கழற்றத் தெரியும். சென்னையில் அவருக்கு இதே குழாய் போட்டிருந்தபோது, நான் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியிருந்தேன். உள்ளே இருக்கிற சின்னப் பலூனின் தண்ணீரைச் சிரிஞ்சால் இழுத்துவிட்டால் குழாய் தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். புருஷன் சொன்ன பேச்சைக் கேட்டேன், அவ்வளவுதான் என்று சொல்லலாம். நீங்கள் தந்த நம்பர் என் போனில் இருந்தது. அதற்கு ஒரு அழைப்பு எடுத்திருந்தால் நீங்கள் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி ஓடி வந்திருப்பீர்கள். நான் சிரிஞ்சைக் கழுவி அலுமாரியில் வைத்தேன்.

அன்று பின்னேரம் அவர் புதுச் சாரம் உடுத்து, தொப்பி போட்டு, சுவரில் சாய்ந்து கால் நீட்டி இருந்தார். வந்தவர்கள் எல்லோரும் ஆளைப் பார்த்தால் ஒப்பரேசன் செய்ததே தெரியவில்லை என்றார்கள். அவர் சிரித்தார். அவர்கள் போன பிறகு சலத்துக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வெறுமனே திரும்பி வந்தார். வயிறு இறுகத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை நீங்கள் போன் எடுத்தீர்கள். குழாயில் சலம் வருகிறதா என்று கேட்டீர்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பதில் சொன்னேன். "ஓம் மகன், நல்லாத் தெளிவா வருது."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். நீங்கள்தானே சத்தியம் வாங்கினீர்கள் என்றேன். நான் வாய் திறந்து அவர் வாயடைத்தது எங்கள் வாழ்க்கையில் அது முதல் தடவை.

மத்தியானத்துக்குள் காய்ச்சல் வந்தது. வயிறு பலகையாகிவிட்டது. தொட விடவில்லை. பிறகு அவர் சொன்னதைத்தான் நான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். "உம்மு குல்சும், எனக்கு ஏலா. டொக்டரக் கூப்பிடு. சென்னக் கதையையும் சொல்லு. ஊருக்கே தெரியட்டும். சத்தியத்த நான் உட்டுத் தந்திட்டன்."

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இவளே, இஞ்சே என்றுதான் கூப்பிடுவார், இத்தனை வருஷத்தில் பெயர் சொன்னதில்லை. சத்தியத்தை வாங்கியவரே விட்டுத் தந்துவிட்டார், மானமும் வேண்டாம் என்றுவிட்டார். இனி எனக்குச் சாட்டுச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. லாபிரின் ஓட்டோ இதே கேற்றடியில் நின்றது.

நான், "ஓம், போவம்" என்றேன். சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய் மீன் கழுவினேன். ஆணம் காய்ச்சினேன். இடைக்கிடை வந்து எட்டிப் பார்த்து, இந்தா, வெளிக்கிடப் போகிறோம் என்று சொன்னேன். பஸ்னா மூதூரில் மாமியார் வீட்டில் நின்றாள், அவளுக்கு வாப்பா உறங்குகிறார் என்று போனில் சொன்னேன். அவருடைய முனகல் குசினிவரை கேட்டது. றேடியோவைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பேசாமல் கிடந்த பிறகுதான் லாபிரைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் குழாய் எங்கே என்று கேட்டபோது, வழியில் ஓட்டோ குலுங்கியதில் இப்போதுதான் கழன்று விழுந்தது என்றேன். அதையும் நம்பினீர்கள். குழாய் இருந்தும் வயிற்றுக்குள் சலம் கசிந்திருக்கிறது, ஆகவே தையல்தான் விட்டிருக்கிறது என்று உங்கள்மேல் நீங்களே பழியைப் போட்டுக்கொண்டீர்கள். வயிற்றைத் திறந்து கழுவிப் பார்த்தீர்கள். அன்று பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் அவர் மவுத்தானார். லாபிர் அழுது கெஞ்சியதில் மையித்தைப் பிரேத பரிசோதனைக்கு அறுக்காமல் தந்தார்கள், அடுத்த நாள் அடக்கிவிட்டோம். முறைப்பாடு போடுவோம் என்று லாபிர் கேட்டபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மச்சான் மச்சான் என்று கதறியவனிடம் என்ன சொல்வது?

ஆகவே உங்கள் கை சுத்தம், டொக்டர். கொன்றது நான். கதவடியில் ஒரு தரம், கட்டிலடியில் ஒரு தரம், போனில் ஒரு தரம், குசினியில் நின்றுகொண்டு ஒரு பகல் முழுவதும். எவ்வளவு பொல்லாதவராக இருந்தாலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாரே என்று அழுகிறேன். அல்லாஹ்விடம் கேட்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன், நீங்கள்தான் என்னை மன்னிக்க வேண்டும்.

நீங்கள் கேட்பது விளங்குகிறது. திங்கட்கிழமை இதை அங்கே வந்து சொல்லச் சொல்கிறீர்கள். எப்படி வருவது? நான்தான் முதலிலேயே சொன்னேனே, இத்தாவில் இருக்கிறேன். என் பேரில் லாபிர் வருவான், அவனுக்குத் தெரிந்ததை அவன் சொல்வான்.

விசாரிக்கிறவர் இங்கேயே வரலாம், இப்படியே திரைக்குப் பின்னால் இருந்து சொல்லலாம் என்கிறீர்கள். மௌலவியின் மனைவி சித்தி பரீதாவும் ஒரு தரம் அப்படித்தான் சொன்னார், அவசியமென்றால் வெளியே போவதற்கே மார்க்கத்தில் இடம் உண்டு என்று. நான் அவரிடம் காரணம் சொல்லவில்லை, சும்மாதான் கேட்டேன். ஆனால் அதெல்லாம் அவரவர் மனதைப் பொறுத்தது. எனக்குப் பயபக்தி கொஞ்சம் கூடத்தான். இத்தா முடியட்டும், அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் ஒளிக்கமாட்டேன். அதற்குள் விசாரணை முடிந்துவிடும் என்பது எனக்கும் தெரிகிறது, நான் என்ன செய்ய? நீங்கள் இளம் ஆள், கெட்டிக்காரர், வேறு ஊரில் ஒரு வழி பிறக்கும். உண்மை உங்களுக்குத் தெரிந்துவிட்டதுதானே, இனியாவது நிம்மதியாக உறங்குங்கள். எனக்கும் இன்றைக்குத்தான் கொஞ்சம் பாரம் இறங்கினது போல் இருக்கிறது.

நான் இத்தாவில் ஒரே ஒரு தரம்தான் வெளியே போனேன். போன கிழமை, கடைவாய்ப் பல்லுக்கு. லாபிரின் ஓட்டோவில் திருகோணமலைக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அது வேறு விஷயம், டொக்டர். காலையில் தொடங்கிய வலி, மத்தியானம்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை.